பிள்ளை கையில் பட்டம், அப்பா கையில் பென்ஷன் பேப்பர்... விழா முடிந்ததும் வீட்டில் பேச வேண்டிய கணக்கு!

கறுப்பு அங்கியும் தொப்பியுமாக மகள் நிற்கும் போட்டோ ஒன்று. கழுத்தில் மூன்று மாலை, தோளில் நான்கு சால்வை, கையில் சுவர்க்கடிகாரம் என அப்பா நிற்கும் போட்டோ இன்னொன்று. ஒரே வருடத்தில் இந்த இரண்டும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் வீடுகள் இப்போது நிறைய. முதல் போட்டோவுக்குக் கீழே 'வாழ்த்துகள் பாப்பா', இரண்டாவதற்குக் கீழே 'இனியாவது ரெஸ்ட் எடுங்க மாமா' என்று வரிசையாக மெசேஜ் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு வருமானம் நிற்கிறது. இன்னொரு வருமானம் இன்னும் தொடங்கவில்லை. நடுவில் உள்ள அந்தச் சில மாதங்களில் எடுக்கும் ஒன்றிரண்டு முடிவுகள், பெற்றோரின் அடுத்த 20, 25 வருடங்களை நிர்ணயித்துவிடுகின்றன. ஆனால், இரண்டு விழாவுக்கும் பட்டுச்சேலை எடுக்கும் வீடுகளில்கூட அந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது குறைவு.

இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன?

இப்போது 60 வயதைத் தொடுபவர்களில் பலர் வேலை கிடைத்து, தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்து, அதன் பிறகே தாங்கள் கல்யாணம் செய்துகொண்டவர்கள். 32 வயதில் முதல் குழந்தை, 36-ல் இரண்டாவது என்று வைத்துக்கொண்டால், அப்பாவுக்கு 60 ஆகும்போது சின்னப் பிள்ளைக்கு 24. முதுகலைப் பட்டமோ, எம்.பி.பி.எஸ் பட்டமோ கைக்கு வரும் வயது அது.

படிப்பின் நீளமும் ஒரு காரணம். எம்.பி.பி.எஸ் என்பது நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். மேலே எம்.டி., எம்.எஸ் என்றால் இன்னும் மூன்று வருடம். இடையில் நுழைவுத் தேர்வுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் போனால் 28 வயதாகிவிடும். பிஹெச்.டி-யும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வுக்கு அப்பா, அம்மா, அத்தை, சித்தி என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஆய்வுத் தலைப்பு அவர்களில் பலருக்குப் புரிந்திருக்காது. தேர்வாளர் எழுந்து 'பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம்' என்று சொன்னதும் முதலில் கண் கலங்குவது அந்த முன்வரிசைதான்.

மே மாதத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அரசு ஊழியர்கள் தாங்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். ஒன்றாம் தேதி பிறந்தவர் என்றால் முந்தைய மாதத்தின் கடைசி நாள். அந்தக் காலத்தில் ஊர்ப் பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு, வயது சரியாக வரட்டும் என்று வாத்தியாரே மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அந்தத் தேதியே சர்ட்டிஃபிகேட்டில் ஏறி, பணிப்பதிவேட்டில் ஏறி, இன்று மே 31 அன்று அலுவலகங்களில் வரிசையாகப் பணி நிறைவு விழாக்கள் நடக்கக் காரணமாக நிற்கிறது. கல்வியாண்டின் நடுவில் வயது முடியும் ஆசிரியர்களுக்கும் அந்த ஆண்டு முடியும்வரை மறு நியமனம் கொடுப்பது வழக்கம். அதனால் அவர்களும் கோடையில்தான் விடைபெறுகிறார்கள். கல்லூரிகளில் கடைசி செமஸ்டர் முடிவதும் அதே கோடையில்.

காப்பாற்றிக் கொடுத்த இரண்டு வருடம்

இந்த இரண்டு தேதிகளும் எவ்வளவு நெருக்கமானவை என்பதைத் தமிழ்நாடு 2020-ல் கண்ணெதிரே பார்த்தது. அந்த வருடம் மே மாதம் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 ஆக உயர்த்தி அறிவிப்பு வந்தது.

2018-ல் மகனை பி.இ. சேர்த்த ஒருவருக்கு 2020 மே மாதம் 58 வயது முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய விதி இருந்திருந்தால், மகன் இரண்டாம் வருடம் முடிக்கும்போதே அப்பாவின் சம்பளம் நின்றிருக்கும். மீதி நான்கு செமஸ்டர் ஃபீஸை செட்டில்மென்ட் பணத்திலிருந்துதான் கட்டியிருக்க வேண்டும். விதி மாறியதால், 2022 மே மாதம் மகன் கடைசி செமஸ்டரை முடிக்க, அதே மாதத்தில் அப்பாவும் பணி நிறைவு பெற்றார். இரண்டு வருடத்துக்கு வயது காரணமான ஓய்வு ஏறக்குறைய நின்றே போனதால் வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களுக்கு வருத்தம் இருந்தது. பிள்ளைகள் கல்லூரியில் இருந்த வீடுகளுக்கோ அது மூச்சு விடக் கிடைத்த அவகாசம்.

தமிழ்நாட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் சின்னதில்லை. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம். தேசிய சராசரி 28.4 சதவிகிதம்தான். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான பொறியியல் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் தொடங்கியது. அந்தச் சலுகையில் படித்தவர்களின் பெற்றோர் பலர் இப்போது ஓய்வு வயதைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறார்கள். வீட்டின் முதல் பட்டதாரி என்றால், அந்தப் பட்டத்துக்குப் பின்னால் வீட்டின் மொத்தச் சேமிப்பும் நிற்கிறது என்று பொருள்.

'செட்டில்மென்ட் வருதுல்ல?'

பணி நிறைவு விழாவில் மைக் பிடிப்பவர்கள் 35 வருட சர்வீஸைப் பாராட்டுவார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு வேறு மாதிரி போகும். 'எவ்வளவு வரும்?' என்று ஒருவர் கேட்பார். 'பொண்ணை மேல படிக்க வெச்சிடு. இல்லேன்னா கல்யாணத்தை முடிச்சிடு' என்று இன்னொருவர் வழி சொல்வார். பணம் கைக்கு வருவதற்கு முன்பே அது போக வேண்டிய இடம் பந்தியில் முடிவாகியிருக்கும்.

அப்பாவின் மனசிலும் ஓர் அவசரம் இருக்கும். நாற்காலியில் இருக்கும்போதே பிள்ளையை ஓர் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், 'ரிட்டையர்டு' என்ற சொல் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதற்குள் கடமையை முடித்துவிட வேண்டும் என்ற தவிப்பு அது. அந்தத் தவிப்பில் பெரிய தொகைக்குச் செக் எழுதிவிடுகிறார்கள். நல்ல மனசோடு எழுதப்படும் செக்தான். ஆனால், அதை எழுதும்போது பக்கத்தில் பிள்ளை இருப்பதில்லை, கணக்கும் இருப்பதில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

எண்கள் புரிவதற்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் 32 வருடம் வேலை பார்த்த அப்பா. 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய். அகவிலைப்படியோடு சேர்த்து 95,000 என்று கொள்வோம். அம்மா வீட்டில். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இளையவள் எம்.பி.பி.எஸ் முடித்து, ஹவுஸ் சர்ஜன் காலத்தின் கடைசி மாதத்தில் இருக்கிறாள்.

முதலில் கைக்கு வருவது:

• பணிக்கொடை: ஒவ்வொரு சர்வீஸ் வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 16 மாதச் சம்பளம். 15 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்.

• ஈட்டிய விடுப்பு: 240 நாளும் மிச்சம் இருந்தால் எட்டு மாதச் சம்பளம். 7 லட்சத்து 60 ஆயிரம்.

• கம்யூட்டேஷன்: ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது. இந்தக் குடும்பத்துக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல்.

மூன்றும் சேர்த்து 30 லட்சத்தைத் தாண்டும். ஜி.பி.எஃப் தனி. பல வீடுகளில் பிள்ளையின் கல்லூரி ஃபீஸுக்காக 'பார்ட் ஃபைனல்' போட்டு, அந்தக் கணக்கை ஏற்கெனவே காலி செய்திருப்பார்கள்.

இனி மாதா மாதம் வருவது எவ்வளவு? ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதாவது 30,000. கம்யூட்டேஷனுக்காக 10,000 கழிந்தால் 20,000. இந்தப் பிடித்தம் 15 வருடத்துக்குப் பிறகுதான் நிற்கும். அகவிலைப்படி மட்டும் முழு 30,000-க்கும் கணக்கிடப்படும் என்பதால் அதில் ஒரு 17,500 சேரும். மொத்தம் 37,500 ரூபாய். மே மாதம் 95,000 வாங்கியவர் ஜூன் மாதத்துக்கு 37,500 வாங்குவார்.

இப்போது உறவினர் ஒருவர் சொல்கிறார்: 'ஒரு காலேஜ்ல நிர்வாக ஒதுக்கீட்டுல பி.ஜி. சீட் இருக்கு. இப்ப விட்டா கிடைக்காது.' ஆண்டுக் கட்டணமே பல லட்சம். அப்பா 25 லட்சத்தை அதற்கு எடுத்து வைக்கிறார் என்றால் மிச்சம் 5 லட்சம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவிகித வட்டிக்குப் போட்டால், அதிலிருந்து மாதத்துக்குச் சராசரியாக 3,400 ரூபாய். ஓய்வூதியத்தோடு சேர்த்து 41,000-க்கும் கொஞ்சம் கீழே.

அந்த 30 லட்சத்தையும் தொடாமல் அதே திட்டத்தில் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வட்டி வரும். மாதக் கணக்கில் 20,500. ஓய்வூதியத்தோடு சேர்த்து 58,000. அந்தத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பும் 30 லட்சம்தான். வட்டிக்கு வரி உண்டு என்பதையும், வட்டி விகிதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். போட்ட பணத்துக்கு அந்தக் காலம் முடியும்வரை வட்டி மாறாது.

41,000-க்கும் 58,000-க்கும் உள்ள 17,000 ரூபாய் வித்தியாசம், 60 வயதில் வெறும் எண்ணாகத் தெரியும். 70 வயதில் அது முழங்கால் சிகிச்சைக்கான பணம், வீட்டுக்கு வந்து உதவும் ஆளின் சம்பளம், பேத்தியின் கையில் வைக்கும் நூறு ரூபாய்.

இந்தக் கணக்கைத் தாளில் பார்த்தால் மகளே வேறு வழி சொல்ல வாய்ப்பு இருக்கிறது. 'ஒரு வருஷம் டூட்டி டாக்டரா வேலை பார்த்துக்கிட்டே பரீட்சைக்குப் படிக்கிறேன்பா. அரசு ஒதுக்கீட்டுல கிடைச்சா உதவித்தொகையே வரும்' என்று அவள் சொல்லலாம். கிடைக்காமலும் போகலாம். அப்போது 10 லட்சம்வரை அப்பா தருவது, மீதிக்குக் கல்விக்கடன் என்று பேசி முடிவெடுக்கலாம். அந்த 10 லட்சம் போனாலும், மீதி 20 லட்சத்திலிருந்து மாதம் 13,600 வரும். வீட்டுக்கு 51,000 ரூபாய் வருமானம் நிற்கும். ஒரு வருடக் காத்திருப்பு மகளுக்குக் கஷ்டம்தான். கூடப் படித்தவர்கள் முன்னே போவதைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனாலும், அந்த முடிவில் அவளுக்கும் ஒரு பங்கு இருக்கும்.

தனியார் வேலை என்றால்...

மேலே சொன்னது உத்தரவாதமான ஓய்வூதியம் உள்ள வீடு. தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கு நிலைமை இன்னும் இறுக்கம். பி.எஃப்-உடன் இணைந்த ஓய்வூதியத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. அந்தச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் சூத்திரம். இந்த வரம்புக்குள் இருந்தவர் 35 வருடம் உழைத்திருந்தாலும் மாதம் ஏழு, எட்டாயிரத்தைத் தாண்டுவது அரிது. இதில் குறைந்தபட்சம் என்று நிர்ணயித்திருப்பது 2014 முதல் 1,000 ரூபாய்.

அதனால் இவர்களுக்கு உண்மையான ஓய்வூதியம் என்பது பி.எஃப்-இல் சேர்ந்திருக்கும் தொகையும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும் கிராஜுவிட்டியும்தான். பிள்ளையின் மேற்படிப்புக்காக அதில் கை வைக்கும்போது, அப்பா தன் எதிர்கால மாதச் சம்பளத்தையே எடுத்துக் கொடுக்கிறார். பட்டறை வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், தையல் வேலை பார்க்கும் அம்மா போன்றவர்களுக்கு ஓய்வு தேதியே கிடையாது. அங்கே பிள்ளையின் பட்டம் வந்த பிறகும் கடை ஷட்டர் காலையில் திறந்தாக வேண்டும்.

கடன் பத்திரத்தில் இரண்டு கையெழுத்து

பட்டமளிப்பு விழா நாளில் யாருக்கும் நினைவுக்கு வராத ஒரு தாள், வங்கியில் பத்திரமாக இருக்கும். கல்விக்கடன் பத்திரம். அதில் பிள்ளையின் கையெழுத்தோடு, இணைக் கடனாளராக அப்பாவோ அம்மாவோ போட்ட கையெழுத்தும் இருக்கும்.

வழக்கமான கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். படிப்பு முடிந்த வருடமே அப்பாவும் ஓய்வு பெற்றால், அவர் சம்பளம் நின்று ஒரு வருடம் ஆகும்போது தவணை தொடங்கும். 5 லட்சம் ரூபாய், 10 சதவிகித வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 6,600 ரூபாய். பிள்ளை கட்டத் தவறினால் வங்கி இணைக் கடனாளரைத்தான் கேட்கும். இரண்டு பேரின் கடன் வரலாற்றிலும் அது பதிவாகும்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. பிள்ளை மேற்படிப்பில் சேர்ந்தால், தவணைத் தொடக்கத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று வங்கிக் கிளையில் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். சின்னத் தொகையாவது வட்டியை மட்டும் மாதா மாதம் கட்டிவந்தால், தவணை தொடங்கும்போது அசல் வீங்கியிருக்காது. வேலை கிடைத்ததும் தவணையைப் பிள்ளையின் சம்பளக் கணக்கிலிருந்தே போகும்படி மாற்றிவிடுவது நல்லது. பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, கட்டும் வட்டிக்கு எட்டு வருடம்வரை வரிச் சலுகையும் உண்டு.

காப்பீட்டில் ஓர் ஓட்டை

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு விஷயம் மருத்துவக் காப்பீடு. பணியில் இருக்கும் தமிழ்நாடு அரசு ஊழியரின் காப்பீட்டில் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. வேலை, கல்யாணம் அல்லது 25 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. ஓய்வூதியர்களுக்கான திட்டமோ அவருக்கும் துணைக்கும் மட்டுமானது. தனியார் நிறுவனத்தின் குழுக் காப்பீடும் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும்.

ஆக, பட்டம் வாங்கி வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை, அப்பாவின் பணி நிறைவு நாளுக்கு மறுநாள் எந்தக் காப்பீட்டிலும் இல்லாமல் நிற்க நேரிடும். 22, 24 வயதில் தனியாக ஒரு பாலிசி எடுக்க ஆகும் செலவு அதிகமில்லை. விழாச் செலவுப் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

அம்மாவுக்கு என்று ஓய்வு?

இந்த இரண்டு விழாவிலும் மாலை விழாத கழுத்து ஒன்று உண்டு. விடிகாலையில் எழுந்து ஒரு டிபன் பாக்ஸ் ஆபீஸுக்கும் இன்னொன்று கல்லூரிக்கும் கட்டிக்கொடுத்த அம்மா. அப்பா ஓய்வு பெற்றபின் டிபன் பாக்ஸ் வேலை போய், பதினொரு மணிக் காபியும் மதியச் சூடான சாப்பாடும் புதிதாகச் சேர்ந்துகொள்ளும். வேலைக்குப் போகும் அம்மாவாக இருந்தால், பணி நிறைவு விழாவுக்கு மறுநாள் காலையும் அடுப்பங்கரையில் அதே வேலை காத்திருக்கும்.

பணக் கணக்கிலும் அம்மாவின் இடம் தெளிவாக இருக்க வேண்டும். ஓய்வூதியம் வாங்குபவர் காலத்துக்குப் பிறகு துணைக்குக் கிடைப்பது குடும்ப ஓய்வூதியம். அது முழு ஓய்வூதியத்தைவிடக் குறைவான தொகை. ஓய்வூதிய ஆணையில் அவர் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுவது, பின்னால் அலுவலகம் அலுவலகமாக அலையாமல் காப்பாற்றும். செட்டில்மென்ட் பணத்தில் ஒரு பகுதியையாவது அம்மா பெயரிலேயே போட்டு வைக்கலாம். வட்டி அவர் கணக்குக்கு வரும்போது, மருந்து வாங்க யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

பட்டம் வாங்கிய பிள்ளை செய்யக்கூடியது

படித்து முடித்த பிள்ளைகள் பலர், அப்பாவுக்கு முதல் சம்பளத்தில் சட்டை, அம்மாவுக்குப் புடவை எடுக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். அதோடு அவர்களால் மட்டுமே எளிதாகச் செய்ய முடிந்த சில வேலைகளும் இருக்கின்றன.

ஓய்வு பெற்றவர் உயிரோடு இருப்பதை வருடம் ஒருமுறை உறுதி செய்யும் 'ஜீவன் பிரமாண்' சான்றிதழை இப்போது செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 'களஞ்சியம்' செயலி இருக்கிறது. அலுவலகத்தில் உதவியாளர் பார்த்துக்கொண்ட கம்ப்யூட்டர் வேலையெல்லாம் இனி அப்பா தலையில். ஓ.டி.பி-யை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதில் தொடங்கி, எல்லாவற்றையும் பொறுமையாக ஒரு முறை சொல்லிக்கொடுக்க வேண்டியது பிள்ளைதான். அ, ஆ எழுதக் கை பிடித்தவருக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுக்கும்போது, 'எத்தனை தடவை சொல்றது?' என்ற வார்த்தை மட்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மொத்தமாகப் பணம் வந்திருப்பது தெரிந்ததும் வீட்டுக்கு வருபவர்களின் எண்ணிக்கை கூடும். மாதம் மூன்று சதவிகிதம் தருகிறேன் என்பவர், மனை விற்பவர், 'ஆறு மாசத்துல திருப்பிடறேன் அண்ணே' என்பவர். முதல் ஆறு மாதத்துக்குப் பெரிய முடிவு எதுவும் இல்லை என்று குடும்பமாகத் தீர்மானித்து, பணத்தை வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைத்துவிடுவது நல்லது. 'பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அப்பாவுக்கும் மறுப்பது எளிது.

பணத்தைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. ஜூன் மாத முதல் திங்கள்கிழமை காலை ஒன்பதரை மணி, ஓய்வு பெற்றவர் எல்லோருக்கும் கனமான நேரம். 'சார்' என்று அழைக்கும் குரல் இல்லை. அதே காலையில் மகளை முதல் தடவையாக யாரோ 'டாக்டர்' என்றோ 'மேடம்' என்றோ அழைக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி வேலை எப்படிப் போனது என்று அவள் அப்பாவிடம் விரிவாகச் சொல்லலாம். மேலதிகாரியை எப்படிச் சமாளிப்பது என்று கேட்கலாம். 32 வருட அனுபவம் உள்ளவரிடம் அதற்குப் பதில் இருக்கும்.

மூன்று தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை

பணி நிறைவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். டி.வி-யை அணைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மூன்று தாள்களை நடுவில் வைக்க வேண்டும். முதலாவது, அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு: மொத்தமாக வருவது எவ்வளவு, மாதா மாதம் எவ்வளவு. இரண்டாவது, கல்விக்கடன் ஸ்டேட்மென்ட்: இன்றைய பாக்கி, தவணை தொடங்கும் மாதம். மூன்றாவது, பிள்ளையின் அடுத்த ஒரு வருடம்: வேலை என்றால் கைக்கு வரும் சம்பளம், மேற்படிப்பு என்றால் முழுச் செலவு.

மூன்றையும் பார்த்தபின் நான்கு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளலாம். வீட்டுக்கு மாதம் குறைந்தது எவ்வளவு வேண்டும்? அதைத் தரும் தொகையை யாருக்காகவும் தொடுவதில்லை என்று ஒப்புக்கொள்கிறோமா? பிள்ளைக்குத் தரக்கூடியது அதிகபட்சம் எவ்வளவு? அது அன்பளிப்பா, திருப்பித் தர வேண்டியதா?

கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் பெற்றோர் கூசுவார்கள். அதனால் அதைப் பிள்ளை கேட்பது நல்லது. 'இது உங்க பணம்பா. நான் எப்ப, எவ்வளவு திருப்பித் தரணும்னு சொல்லுங்க' என்று மகள் கேட்டால், 'உன்கிட்ட வாங்குவேனா?' என்றுதான் பெரும்பாலான அப்பாக்கள் சொல்வார்கள். அம்மா இடையில் புகுந்து, 'அவ கேக்கறா இல்ல, எழுதுங்க' என்று சொல்லட்டும். எழுதிய தாளை பீரோவில், பட்டச் சான்றிதழ் இருக்கும் அதே கவரில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் மண்டபம் பார்க்கப் போகலாம்.